ஆபட்ஸ்பரியும் ஆயிரம் விளக்கும்

1990களிலும் 2000த்தை அடுத்த சில ஆண்டுகளிலும் சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டை வழியாகச் சென்று வந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிலிருக்கும். நகரின் தலையாய சாலையில், விலை மதிக்கவொண்ணாத மனையில், பல மாடிக் கட்டடம் ஒன்று பூச்சின்றி, சன்னலின்றி, ஆளரவமின்றி ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டிருந்தது. ஐந்து நட்சத்திர விடுதியாக எழுந்திருக்க வேண்டிய கட்டடம் அது. தூண்கள் எழுந்தன, தளங்கள் எழுந்தன, விடுதி எழவில்லை.

அது முன்னர் வெறும் மனையாகக் கிடந்த இடமன்று. ஆபட்ஸ்பரி என்னும் பழைய மாளிகை அங்கே இருந்தது. மவுண்ட் ரோடு என்று அச்சாலை அழைக்கப்பட்ட நாளில், அதன் இருமருங்கிலும் வெள்ளை அதிகாரிகளும் வணிகர்களும் விரிந்த தோட்டங்களின் நடுவே மாளிகைகள் அமைத்து வாழ்ந்தனர். அம்மரபின் எச்சங்களில் ஒன்று ஆபட்ஸ்பரி. பிற்காலத்தில் அது திருமண மண்டபமாயிற்று. ஒரு தலைமுறைச் சென்னைவாசிகளுக்கு ஆபட்ஸ்பரி என்ற பெயர் ஆங்கிலேயனை நினைவூட்டவில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணத்தையே நினைவூட்டியது. அன்னியர் கட்டிய வீடு, மக்கள் புழங்கிப் புழங்கி மக்களுடையதாகிவிட்டது. அந்த வீடுதான் விடுதிக்காக மறைந்தது.

வட்டி வளர்ந்தது

இம்மனையில் விடுதி எழுப்ப முனைந்த நிறுவனம் பாலாஜி ஹோட்டல்ஸ் அண்ட் எண்டர்பிரைசஸ். மாகுண்டா குடும்பத்தாரின் பாலாஜி குழுமத்தைச் சேர்ந்தது. அக்குழுமத்தின் தலைவராயிருந்த மாகுண்டா சுப்பராமி ரெட்டி, ஆந்திரத்தின் ஓங்கோல் தொகுதியிலிருந்து 1991இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1995 டிசம்பர் 1ஆம் நாள் அவர் ஓங்கோலில் நக்சலைட்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதி முடிவு பெறவில்லை. நிதி நிறுவனங்களிடம் வாங்கிய கடன் நின்றது. வட்டி வளர்ந்தது, கட்டடம் வளரவில்லை.

பின்னர் வழக்கு, ஏலம் எனப் பல படிகளைக் கடந்து, மனையும் அதன்மேல் நின்ற எலும்புக்கூடும் ரோபஸ்ட் ஹோட்டல்ஸ் என்னும் வேறொரு நிறுவனத்தின் கைக்கு வந்தன. 2011 ஆகஸ்டில் ஹயாத் ரீஜென்சி என்ற பெயருடன் விடுதி திறக்கப்பட்டது. விளக்குகள் எரிந்த பின்னரும் பழைய கணக்கு ஓயவில்லை. இவ்விடுதியின் ஏலம் பற்றிய பிணக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2016 டிசம்பரில் தீர்ப்பைக் கண்டது.

இங்கே எவரையும் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. வணிகத்தில் இறங்குவோர்க்கு மரணமும் கடனும் நேரக் கூடியவையே. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு. பழைய மாளிகை மறைந்த நாளுக்கும் புதிய விடுதி திறந்த நாளுக்கும் இடையே ஒரு நீண்ட காலம் கிடந்ததல்லவா? அக்காலம் முழுதும் அந்த இடத்தில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அங்கே மணம் முடித்தவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்ட ஒரு வாசற்படியும் இல்லை. வேலை தேடி வந்த இளைஞர்க்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வரப்போவதாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்கு, இருந்த ஒன்று முன்பணமாகக் கொடுக்கப்பட்டது. சொன்னது வரவில்லை, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்து வாழும் முத்தாண்டிக்குப்பம் வட்டாரத்தார்க்குப் பழைய இடங்கள் மறைவது புதிய செய்தியன்று. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957இல் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் மின்சாரம் பிறந்தது. அதற்காக ஊர்கள் பெயர்ந்தன. வீடுகளும் வயல்களும் குழிக்குள் போயின. பெயர்ந்தவர்களின் துயரத்தை மின்சாரம் துடைத்துவிட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆயினும், “நம் ஊர் எதற்காகப் போயிற்று?” என்று பேரன் கேட்டால், எரியும் விளக்கைக் காட்டிச் சொல்லப் பாட்டனுக்கு ஒரு பதிலேனும் இருக்கிறது. அண்ணா சாலையின் அந்த எலும்புக்கூட்டைக் காட்டி, அத்தனை ஆண்டுகளாக, எவரும் எப்பதிலும் சொல்லியிருக்க முடியாது.

அதே சாலையில், அதே நகரில்

அண்ணா சாலையில் இன்னொரு கட்டடம் உண்டு. 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் அது. கோபுரங்களும் வளைவுகளுமாக, இந்தோ-சாரசெனிக் என்று கட்டடக் கலைஞர்கள் கூறும் பாணியில் அமைந்தது. நம் சமுதாயத்தின் வளைவையும் குவிமாடத்தையும் இந்நாட்டுக் கட்டடக் கலையோடு ஆங்கிலேயர் கலந்து ஆக்கிய பாணி. 2006இல் அதன் உரிமையாளரான ஆயுள் காப்பீட்டுக் கழகம் அதை இடிக்கத் தொடங்கியது. மரபுரிமைக் காவலர்களான இன்டாக் அமைப்பினர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். இடிப்பு நின்றது. 2010இல் நீதிமன்றம் அதை இடிக்கலாகாதென்று தீர்ப்பளித்தது. நகரின் பழஞ்சிறப்புக் கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காப்பது பற்றிய பேச்சு அத்தீர்ப்புக்குப் பின் வலுப்பெற்றது. மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் சென்றது.

ஆனால், இடிக்கக் கூடாது என்ற தீர்ப்பு, பழுது பார்த்துவிடாது. தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் அக்கட்டடம் பாதி உடைந்தபடியே, செடி முளைத்து நின்றது. சுத்தியலைத் தடுக்க நீதிமன்றத்தால் முடிந்தது. மழையைத் தடுக்க முடியவில்லை.

சேப்பாக்கம் மாளிகையின் கதையும் இதையே சொல்கிறது. 1768இல் ஆற்காடு நவாபு முஹம்மது அலி வாலாஜாவுக்காக எழுந்த மாளிகை அது. 1855இல் கடைசி நவாபு குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்ததும், கும்பினியார் நவாபுப் பட்டத்தையே ஒழித்தனர். 1859இல் மாளிகை ஏலத்துக்கு வந்தது. அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது. அரசவை அலுவலகமாயிற்று, கோப்புகள் குவிந்தன, முன்னே புதுக் கட்டடங்கள் எழுந்து, சாலையில் செல்வோர் கண்ணுக்கு அது மறைந்தே போயிற்று. 2012 ஜனவரியில் அதன் கலச மகால் பகுதி தீக்கிரையாயிற்று; தீயை அணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் உயிர் நீத்தார். அதன் பின்னரே அரசு விழித்துக்கொண்டு கலச மகாலைச் செப்பனிட்டது. ஹுமாயூன் மகாலும் பிறகு சீர்செய்யப்பட்டது. எரிந்த கட்டடம் இன்று எழுந்து நிற்பதைப் பார்க்கையில் ஓர் உண்மை விளங்கும்: செப்பனிட இயலாததாக அது ஒரு நாளும் இருக்கவில்லை, செப்பனிட எவரும் நினைக்காததே அதன் குறையாக இருந்தது.

ஆயிரம் விளக்கு

ஆபட்ஸ்பரி இருந்த இடத்திலிருந்து அதே சாலையில் சற்று வடக்கே ஆயிரம் விளக்குப் பள்ளிவாசல் இருக்கிறது. ஆற்காடு நவாபு குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹர்ரம் கூட்டங்களுக்கென அங்கே ஒரு மண்டபம் அமைத்தனர். அதில் ஆயிரம் விளக்குகள் ஏற்றுவார்கள் என்பதால் அவ்விடத்துக்கே அப்பெயர் வந்தது. சட்டமன்றத் தொகுதிக்கும் அதுவே பெயராயிற்று. இன்று நாம் காணும் குவிமாடங்கள் பிற்காலத்தவை. பழைய மண்டபம் இல்லை. ஆனால் இடம் இருக்கிறது, வணக்கம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. நவாபின் அரண்மனை ஏலம் போயிற்று. நவாபு குடும்பம் இறைவனுக்கென ஒதுக்கிய இடத்தை எவரும் ஏலம் விடவில்லை.

வேறுபாடு வக்ஃபு என்னும் சட்டத்தில் இருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அதன் மூலப்பொருளை நிறுத்தி வைத்து விளைவைத் தருமம் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அது விற்கப்படவும் மாட்டாது. அன்பளிப்பாக வழங்கப்படவும் மாட்டாது. வாரிசுகளுக்குப் பங்கிடப்படவும் மாட்டாது. பள்ளிவாசல் இடிந்து விழுந்து, திரும்பக் கட்ட இயலாமற் போனாலும் அந்த இடம் விற்பனைக்குரியதன்று என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. பள்ளியல்லாத வக்ஃபுச் சொத்துகள் பயனற்றுப் போகுமானால், தக்க நிபந்தனைகளுடன் மாற்றிக்கொள்ள ஹனஃபீ மத்ஹபு இடமளிக்கிறது.

ஹனஃபீ நூலான ஹிதாயாவில் இன்னொரு சட்டமும் உண்டு. அதை மதரஸாக்களில் ஓதுகிறோம், ஓதிவிட்டு மறக்கிறோம். வக்ஃபின் வருமானத்தில் முதற் செலவு அவ்வக்ஃபைப் பழுது பார்ப்பதே. வக்ஃபு செய்தவர் அதை நிபந்தனையாக எழுதி வைத்திருந்தாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. சோறு போடுவதும் சம்பளம் தருவதும் அதன் பின்னரே. ஏனெனில் பொருள் நிலைத்தால்தான் தருமம் நிலைக்கும். உளூவில் உறுப்புகளைக் கழுவுவதற்குத் தர்தீப் என்னும் ஒழுங்கு வரிசை இருப்பது போல, கட்டடத்தைப் பேணுவதற்கும் நம் ஃபுகஹாக்கள் ஒரு தர்தீபை வகுத்திருக்கின்றனர். பழுது பார்த்தல் முதலில். ஆபட்ஸ்பரி மனையில் நாம் கண்டது அந்தத் தர்தீபின் தலைகீழ்: இடித்தல் முதலில், பணம் பிறகு, பயன் எப்போதோ.

வக்ஃபு காப்பது எதை?

வக்ஃபு என்று எழுதிவிட்டால் பழைய கட்டடம் தானே காக்கப்பட்டுவிடும் என்று நாம் எண்ணிவிடலாகாது. வக்ஃபு காப்பது நோக்கத்தை, கல்லையன்று. இதற்குச் சான்று மக்காவிலேயே இருக்கிறது. ஹரமுக்கு எதிரே அஜ்யாத் கோட்டை என்று ஒன்றிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உஸ்மானியர் கட்டியது. 2002 ஜனவரியில் அது இடிக்கப்பட்டது; துருக்கி நாடு கடுமையாகக் கண்டித்தது. அவ்விடத்தில் விடுதிகளும் கடைகளுமாக வானளாவிய கோபுரங்கள் எழுந்தன. ஹஜ்ஜுக்குச் சென்று வந்தோர் அனைவரும் பார்த்திருக்கும் அந்த மணிக்கூண்டின் உயரம் 600 மீட்டருக்கு மேல். அத்தொகுதிக்கு மன்னர் அப்துல் அஜீஸ் வக்ஃபு என்றே பெயர். புனித இல்லத்தின் பணிக்கென ஏற்படுத்தப்பட்ட வக்ஃபே ஒரு பழங்கோட்டையின் இடத்தில் நிற்கிறது. அங்கே பணி முடிந்தது. பல்லாயிரம் ஹாஜிகள் தங்குகின்றனர். ஆயினும் கோட்டை போனது போனதே.

இதைக் குறித்து நாம் என்ன நினைக்க வேண்டும் என்பதற்கு இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டே ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஹிஜ்ரி 88, அதாவது கி.பி. 707ஐ ஒட்டி, கலீஃபா வலீத் மஸ்ஜிதுன் நபவியை விரிவுபடுத்த ஆணையிட்டார். அப்போது மதீனாவின் ஆளுநராக இருந்தவர் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள். பள்ளியை ஒட்டியிருந்த, நபிகள் நாயகத்தின் துணைவியரான அன்னையர் வாழ்ந்த சிற்றறைகளை இடிக்க நேர்ந்தது. பேரீச்ச மட்டையும் மண்ணும் கொண்டு அமைந்த எளிய அறைகள். ஆணை படிக்கப்பட்ட நாளில் மதீனா மக்கள் அழுத அழுகையை இப்னு ஸஅத் தம் தபகாத் நூலில் பதிந்து வைத்திருக்கிறார். தாபியீன்களில் தலைசிறந்தவரான ஸஈத் பின் முஸய்யப் (ரஹ்) அவர்கள், அவ்வறைகளை அப்படியே விட்டிருக்கலாகாதா என ஏங்கினார்கள். இனி வளரும் தலைமுறையும் தொலைவிலிருந்து வருவோரும், அல்லாஹ்வின் தூதர் எத்தகைய வீட்டில் போதுமென்று வாழ்ந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டிருப்பார்களே, பொருளைக் குவிப்பதில் போட்டியிடுவதை விட்டிருப்பார்களே என்பது அவர்களின் கருத்து.

பள்ளி விரிவாக வேண்டியிருந்தது. அதை எவரும் மறுக்கவில்லை. விரிவுப் பணி செவ்வனே முடிந்தது. அத்தனையும் இருந்தும் அப்பெரியார் வருந்தினார்கள். மண்சுவருக்காக அன்று, அச்சுவர் கற்பித்துக்கொண்டிருந்த பாடத்துக்காக. நூறு பயான்களில் சொல்லி விளங்காத எளிமையை, ஒரு தாழ்ந்த கூரை சொல்லாமலே விளக்கியிருக்கும்.

நம் ஊர்ப் பள்ளிகள்

இப்போது நம் ஊர்களுக்கு வருவோம். கீழக்கரை, காயல்பட்டினம் தொடங்கி உள்நாட்டுச் சிற்றூர்கள் வரை, தமிழ் முஸ்லிம்கள் கருங்கல் தூண்களும் கல் கூரையுமாகப் பள்ளிகளைக் கட்டினர். இந்நாட்டுச் சிற்பிகளின் கைவண்ணம்; உருவமின்றிப் பூவும் கொடியும் மட்டும் செதுக்கிய தூண்கள். கல்லுப்பள்ளி என்று மக்கள் அவற்றை அன்போடு அழைத்தனர். சேப்பாக்கத்தை அடுத்த திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலும் கருங்கல்லால் ஆனதே. நாம் இம்மண்ணில் நேற்று வந்தவர்கள் அல்லர் என்பதற்கு இக்கற்களைவிட வலிய சான்று வேறென்ன வேண்டும்? மெஹர்தாத் ஷுகூஹி என்னும் ஆய்வாளர் சோழமண்டலக் கரையிலும் மலபாரிலும் உள்ள பழம்பள்ளிகளை அளந்து, வரைந்து, 2003இல் நூலாக வெளியிட்டார். அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒருவர் நம் பள்ளியின் தூண்களை எண்ணிச் சென்றிருக்கிறார். அன்றாடம் ஐந்து வேளை அத்தூண்களின் அருகே நிற்கும் நம்மில் எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்?

எண்ணாதது மட்டுமன்று. கல்லுப்பள்ளி பழசாகிவிட்டது, மழைக்கு ஒழுகுகிறது, ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை என்று ஜமாஅத் கூடுகிறது. இடம் போதாமை மெய்யான குறைதான். உடனே இடிக்கத் தீர்மானமாகிறது. ரசீதுப் புத்தகம் அச்சாகிறது. மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் என்று வசூலுக்கு ஆள் செல்கிறது. பணம் வரும் முன்பே பள்ளி இடிகிறது. அடித்தளம் எழும்பியதும் பணம் தீர்கிறது. தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடிக்கின்றன. தகரக் கொட்டகையில் தராவீஹ் தொழுகை ஒரு ரமலானிலிருந்து இன்னொரு ரமலானுக்குத் தொடர்கிறது. செதுக்கிய தூண்களோ எங்கோ படிக்கல்லாகவும், வாய்க்கால் மேற்பாலமாகவும் கிடக்கின்றன. ஊர்ப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிப்போரில் பலருக்கு ஓர் ஊர் நினைவுக்கு வரும். ஆபட்ஸ்பரி மனையில் ஒரு செல்வந்தக் குழுமத்துக்கு நேர்ந்ததே இங்கே ஏழை ஜமாஅத்துக்கும் நேர்கிறது. குழுமத்தின் எலும்புக்கூட்டை வேறொருவர் ஏலத்தில் எடுத்து முடித்தார். பள்ளியின் எலும்புக்கூட்டை ஏலத்தில் எடுக்க எவரும் வர மாட்டார், வரவும் கூடாது.

இதில் இன்னோர் ஆபத்தும் இந்நாளில் சேர்ந்திருக்கிறது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வக்ஃபுத் திருத்தச் சட்டம், பத்திரமின்றி நெடுங்காலப் பயன்பாட்டாலேயே ஓர் இடத்தை வக்ஃபு எனக் கொள்ளும் முறையை இனிவரும் காலத்துக்கு நீக்கிவிட்டது. அச்சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன. அவற்றின் முடிவு எதுவாயினும், நாம் உணர வேண்டியது ஒன்று உண்டு. பல பழம்பள்ளிகளுக்குப் பத்திரம் என்பது பெட்டியில் இல்லை. வாசல் நிலையின் மேலுள்ள கல்வெட்டில் இருக்கிறது. ஹவுழின் படியில் செதுக்கிய ஹிஜ்ரி ஆண்டில் இருக்கிறது. கபரஸ்தானின் மீஸான் கற்களில் இருக்கிறது. அவற்றை உடைத்து அடித்தளத்துக்குள் கொட்டுவோர், தம் வழக்கின் சாட்சியைத் தாமே புதைக்கின்றனர்.

தர்தீப்

பழையதை ஒருபோதும் இடிக்கலாகாது என்று நாம் வாதிடவில்லை. தொழுவோர் தலையில் கூரை விழக் காத்திருப்பது தக்வாவன்று. நாம் வேண்டுவது தர்தீப் மட்டுமே.

முதலில் பழுது பார்த்தல். கல் வேலை அறிந்த ஸ்தபதியையும் பொறியாளரையும் அழைத்துக் காட்டாமல், ஒழுகும் கூரையைக் காரணம் காட்டி எந்தப் பள்ளிக்கும் இடிப்புத் தீர்மானம் போடக் கூடாது. ஒழுகல் பெரும்பாலும் தளத்து ஓட்டின் நோயே தவிர, கல்லின் நோயன்று. இடம் போதாவிடில், பழம்பள்ளியை உட்பள்ளியாக வைத்துக்கொண்டு முன்னேயோ பக்கத்திலோ விரிப்பதற்கு வழியுண்டா என்று பார்ப்பது அடுத்தது.

அதற்கும் வழியில்லையெனில், ஒரு கல்லைப் பெயர்க்கும் முன் பள்ளி முழுவதையும் அளந்து வரைந்து, படமெடுத்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, ஒரு பிரதியை ஜமாஅத்திலும் ஒரு பிரதியை வக்ஃபு வாரியத்திலும் வைக்க வேண்டும். ஊர் இளைஞர்கள் கையில் இருக்கும் கைப்பேசியே இதற்குப் போதும், பெருஞ்செலவில்லை. அதன் பின் அனுமதி. அதன் பின் பணம்: வசூலாகும் என்ற நம்பிக்கையன்று, கணக்கில் வந்து சேர்ந்த பணம். இவை அனைத்துக்கும் கடைசியிலேயே கடப்பாரை. அப்போதும் தூண்களையும் மிம்பரையும் நிலைக்கல்லையும் புதுப்பள்ளியில் ஓரிடம் தந்து நிறுத்த வேண்டும்.

இந்த வரிசையைக் கைக்கொள்ளும் ஜமாஅத்தில் சில வேளை பணம் சேராமற் போகலாம். அப்போது என்ன நேரும்? பழைய பள்ளி அப்படியே நிற்கும், பாங்கு ஒலிக்கும், குழந்தைகள் அதே தூணில் சாய்ந்து அலிஃப், பே ஓதுவார்கள். நின்றுபோன திட்டத்தால் எவர்க்கும் ஓர் இழப்பும் இல்லை.

இருப்பதை அமானிதமாகப் பேணும் அறிவையும், வேண்டியதை முறையோடு கட்டும் ஆற்றலையும் வல்ல ரஹ்மான் நம் ஜமாஅத்துகளுக்கு அருள்வானாக! ஆமீன்.